அயோடின் அங்கிள் காட்டுக்குப் போன கதை

சிங்கப்பூரில் சிலிகி ரோட்டிலிருந்து தேக்கா மார்க்கெட் வரைக்கும் எழுபதுகளில் ஓடி விளையாடிய தமிழ்ப் பிள்ளைகளில் அயோடின் படாத முட்டி ஒன்றுகூட இருந்திருக்க முடியாது. பூசியவர் ஒரே ஆள். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைப் பாதரும் அடையாள அட்டையும் மட்டுமே பயன்படுத்தினார்கள். மற்ற எல்லாருக்கும் அவர் அயோடின் அங்கிள்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் டிரஸர் வேலை. அதாவது, புண்ணைக் கழுவிக் கட்டுப்போடுகிறவர். அறுபட்ட விரல்களையும் சுட்ட கைகளையும் நாள் முழுவதும் பார்த்துப் பார்த்து, இந்த உலகமே மனிதனை வெட்டவும் கடிக்கவும் வழுக்கி விழவைக்கவும் செய்த ஏற்பாடு என்ற முடிவுக்கு வந்திருந்தார். வேலை முடிந்து வரும்போது சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சிறு அயோடின் புட்டி இருக்கும். தெருவில் எந்தப் பிள்ளையாவது நொண்டினால் போதும், சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டு ஓடி வருவார். நாங்கள் காயத்துக்குப் பயந்ததைவிட அவருக்கு அதிகம் பயந்தோம்.

எங்கள் கடைவீட்டுக்கு எதிரே ஒரு கல்யாணம். பூமாலையில் இருந்த கம்பி மாப்பிள்ளையின் கட்டைவிரலைக் கீறிவிட்டது. மேளம் உச்சத்தில் இருந்தபோது அங்கிள் மேடை ஏறினார். "தம்பி, கொஞ்சம் வெயிட் பண்ணுங்க லா, தாலி எங்கயும் ஓடிடாது" என்று சொல்லி விரலைப் பிடித்துவிட்டார். அந்த வீட்டுக் கல்யாண ஆல்பத்தில் எல்லாப் படங்களிலும் மாப்பிள்ளைக்கு ஒரு பழுப்புக் கட்டைவிரல் உண்டு.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்தது ஒரே மகள். அந்த மகளுக்குக் குழந்தையிலிருந்து ஆஸ்துமா இழுப்பு. ஜெசிந்தா என் வகுப்பு, என் பெஞ்சு. அவள் சிரித்தால் சிரிப்புக்குப் பின்னால் நெஞ்சில் விசில் ஊதுவது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் வீட்டில் ஜன்னல் சாத்தப்படும், மின்விசிறி நிறுத்தப்படும், அவள் சிரித்ததற்கு யார் காரணம் என்று விசாரணை நடக்கும். அநேகமாகக் காரணம் நான்.

"உங்கப்பா என்னை எப்பவும் ஒரு கிருமிய பாக்குற மாதிரியே பாக்குறாரு" என்பேன்.

"நீ கிருமிதான் வசந்தி. கொஞ்சம் நல்ல கிருமி" என்பாள் அவள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களுக்குப் பதினாறு வயது. ஜெசிந்தா போன இடமெல்லாம் நானும் போனதால், கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளையான நான் அவளுடைய சர்ச் இளையர் குழுவிலும் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதர் எங்களை உட்காரவைத்து ஒரு சேதி சொன்னார். மலேசியாவில், பகாங்கின் உள்ளே அவருக்குத் தெரிந்த ஒரு சர்ச் பங்கு. அங்கே மரம் வெட்டுகிறவர்கள் ஒரு மலையையே மொட்டையடித்துவிட்டுப் போய்விட்டார்கள். மழை பெய்தால் செம்மண் முழுவதும் ஆற்றில் இறங்குகிறது. கீழே இருக்கும் ஓராங் அஸ்லி பழங்குடிக் கிராமத்தில் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கன்றுகள் தயார், நடுவதற்குக் கைகள் வேண்டும். ஜூன் விடுமுறையில் வருகிறீர்களா?

செடி என்றால் தொட்டியில் இருப்பது, மரம் என்றால் அரசாங்கம் ரோட்டோரம் நடுவது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். காட்டைக் காப்பாற்றும் ஆசையைவிட, அப்பா அம்மா இல்லாமல் வெளிநாடு போகும் ஆசைதான் முதலில் வந்தது. எல்லாரும் கை தூக்கினோம். ஜெசிந்தா இரண்டு கையையும் தூக்கினாள்.

அடுத்த ஞாயிறு பெற்றோர் கூட்டம். அயோடின் அங்கிள் முன் வரிசையிலிருந்து எழுந்தார். காட்டில் ஒரு பிள்ளை எப்படியெல்லாம் சாகலாம் என்பதை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். பாம்பு, புலி, விஷக்காய்ச்சல், வெள்ளம், முறிந்து விழும் கிளை என்று போய், கடைசியாக "முள்ளு டுரியான் பழம் தலையில விழுந்தா என்ன செய்வீங்க?" என்று முடித்தார்.

"அந்த மலையில ஒரு மரமும் இல்ல. அதனாலதான் நடப் போறோம்" என்றார் பாதர்.

"அதான் பாதர் ஆபத்து. இல்லன்னு நெனச்சு யாரும் மேல பாக்க மாட்டாங்க."

பின் வரிசையில் டோமினிக் சிரித்துவிட்டான். எங்கள் குழுவின் வாயாடி அவன். "அங்கிள், நீங்களே வந்து மேல பாத்துக்கிட்டே நில்லுங்க லா!"

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வீட்டில் ஜெசிந்தா சாப்பிடாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. கடைசியில் அவளுடைய அம்மா தெரசா ஆன்ட்டிதான் வழி சொன்னார்: "நீங்க கூடப் போனா அனுப்புறேன். இல்லன்னா வேணாம்." ஜெசிந்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவளும் ஒரு நிபந்தனை போட்டாள். வரலாம், ஆனால் அப்பா என்று காட்டிக்கொள்ளக் கூடாது. யாரோ எவரோ மாதிரி இருக்கவேண்டும்.

அங்கிள் எதையும் பாதியாகச் செய்கிறவர் இல்லை. பஸ் புறப்பட்டதும் எழுந்து வந்து மகளுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார். "எக்ஸ்கியூஸ் மீ மிஸ், உங்க இன்ஹேலர் எடுத்துக்கிட்டீங்களா?"

"எடுத்துக்கிட்டேன்."

"தேங்க் யூ மிஸ். கழுத்துல துண்டு கட்டிக்குங்க மிஸ், காத்து வருது."

ஜொகூர் போய்ச் சேர்வதற்குள் பஸ்ஸில் எல்லாரும் அவளை மிஸ் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

எல்லைச் சுங்கச் சோதனையில் அவருடைய மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே பழுப்புப் புட்டிகள் வரிசை வரிசையாக. அதிகாரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அங்கிளோ அதிகாரியின் கையைப் பார்த்தார். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெடிப்பு. அவ்வளவுதான், விசாரணை திசை மாறிவிட்டது. நாங்கள் எல்லையைத் தாண்டும்போது அந்த அதிகாரி விரலில் கட்டோடு நின்று கையசைத்தார்.

முகாமில் அவர் ஆட்சி. தண்ணீரைக் கொதிக்கவைத்தார். சரி. அதில் ஆரஞ்சு சர்பத்தைக் கலந்து, எதற்கும் இருக்கட்டும் என்று அதையும் இன்னொரு முறை கொதிக்கவைத்தார். வாழைப்பழத்தை இடுக்கியால் பிடித்துத்தான் உரிக்கவேண்டும். அட்டை ஏறாமல் இருக்க எங்கள் காலுறைகளில் புகையிலைத் தண்ணீரைத் தெளித்தார். எங்களுக்கு வழிகாட்டிய கிராமத்துக்காரர் பாக் இத்தாம் இதையெல்லாம் வாயில் சுருட்டோடு பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "டோக்டோர் கீலா" என்றார். பைத்தியக்கார டாக்டர். அங்கிளுக்கு அதில் டாக்டர் என்ற சொல் மட்டும் கேட்டிருக்கவேண்டும், தலைகுனிந்து வணங்கினார்.

எங்கள் யாரையும் அட்டை கடிக்கவில்லை. அவரைக் கடித்தது. கழுத்தில். வேலை நாட்களில் ஊரார் இரத்தத்தில் கை நனைத்தவர், தன் சட்டைக் காலரில் தன் இரத்தத்தைப் பார்த்ததும் கண் செருகி அப்படியே சாய்ந்துவிட்டார். ஜெசிந்தாதான் பெட்டியைத் திறந்தாள். கழுத்து, காது, கன்னம் என்று புட்டி தீரும்வரை பூசினாள். அவர் கண் விழித்ததும், "எக்ஸ்கியூஸ் மீ சார், இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். பாதர் சிரித்துச் சிரித்துச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அந்த மலையைப் பற்றிச் சொல்லவேண்டும். வெட்டிப்போட்ட அடிமரங்கள், லாரி ஏறிய தடங்கள், வெயிலில் பிளந்த செம்மண். பறவைச் சத்தம்கூட இல்லை. பாக் இத்தாம் பிறந்தபோது அது காடு. ஒவ்வொரு அடிமரத்தையும் தொட்டு, இது மெரந்தி, இது கப்போர் என்று செத்தவர்களை அடையாளம் காட்டுவது போலச் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிறகு எங்களில் யாரும் வெளிநாட்டுப் பயணம் என்ற நினைப்பில் இல்லை. குழி தோண்டினோம். கை கொப்பளித்தது. கன்றை இறக்கி மண்ணை அணைத்தோம். கொப்பளத்துக்கு அயோடின் வாங்கிக்கொண்டு மறுபடியும் தோண்டினோம்.

கடைசி நாள் மலை உச்சியில் நடவேண்டியிருந்தது. அங்கிள் மகளைப் பார்த்தார். மிஸ்ஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஒரு கூடைக் கன்றோடு ஏறத் தொடங்கிவிட்டாள். எங்களுக்கெல்லாம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. அவள் நிற்கவே இல்லை. உச்சிக்குப் போனதும் திரும்பி, தான் போட்ட நிபந்தனையை மறந்து, மலை முழுவதும் கேட்கக் கத்தினாள்.

"அப்பா! இழுப்பு வரலப்பா! பாருங்க, வரவே இல்ல!"

அவர் ஒரு அடிமரத்தில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றார். நாங்கள் யாரும் கேட்கவில்லை.

நவம்பரில் பரீட்சை முடிந்திருந்தது. மழைக்காலம். ஒரு மத்தியானம் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து அவள் கதைப்புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது இழுப்பு வந்தது. வழக்கமாக வருவதுதான். இன்ஹேலருக்கு நிற்கவில்லை. தெரசா ஆன்ட்டி கீழே ஓடி ஆள் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வந்து, அங்கிள் வேலை செய்த ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அங்கிள் அப்போது வேறொரு பிள்ளையின் கைக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாராம். கூப்பிட வந்தவரின் முகத்தைப் பார்த்தும், கட்டின் கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் எழுந்தார் என்று பிறகு சொன்னார்கள். அவர் வார்டுக்குப் போனபோது ஜெசிந்தா இல்லை.

சாவு வீட்டில் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. "காட்டுக்கு அனுப்புனாங்கல்ல, அங்க மழையில நனைஞ்சிருக்கா. நெஞ்சு கெட்டுப்போச்சு." காபி குடித்துக்கொண்டே சொன்னார்கள். அங்கிளின் காதில் விழும்படியே சொன்னார்கள். தெரசா ஆன்ட்டியும் அதை நம்பினார். அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அவர் கணவரோடு பேசவில்லை. பாதர் அடுத்த வருஷப் பயணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. எந்தப் பெற்றோரும் கேட்கவும் இல்லை. நானும் இனி எங்கேயும் போகவேண்டாம் என்றே இருந்தேன். பள்ளி திறந்ததும், பெஞ்சில் பக்கத்து இடத்தைப் பார்க்காமலிருக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

மே மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படியில் காலடிச் சத்தம். அயோடின் அங்கிள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கதவருகில் நின்றார். இளைத்துப்போனதில் சட்டை தோளில் தொங்கியது. அம்மா பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"தங்கச்சி, ஜூன்ல மறுபடியும் போறோம். வசந்திய அனுப்புங்க."

அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. நடந்ததுக்கு அப்புறம் எப்படிண்ணே... எனக்குப் பயமா இருக்கு."

"இருக்கும். எனக்கும் இருக்கு." தன் கைகளைப் பார்த்தார். "அவ நெஞ்சுச் சத்தத்த என்னளவு யாரும் கேட்டிருக்க மாட்டாங்க தங்கச்சி. ராத்திரி பகல்னு கேட்டிருக்கேன். அந்த மலையில இருந்த நாளெல்லாம் அது சுத்தமா இருந்துச்சு. வீட்லதான் போயிட்டா. ஜன்னல் சாத்தி, ஃபேன் நிறுத்தி, நான் பத்திரமா வச்சிருந்தேனே, அந்த வீட்ல."

அம்மா எதிரே உட்கார்ந்தார்.

"அடுத்த வருஷமும் வருவேன்னு அந்தக் கிராமத்து ஆள்கிட்ட சொல்லிட்டு வந்தா. அவ சொன்னது சும்மா போகக் கூடாது. அதுக்குத்தான் ஒவ்வொரு வீடா ஏறி இறங்குறேன். ஒங்க மககூடத்தான் அங்க அவ்ளோ சிரிச்சா."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டு நிற்பது கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது.

"பஸ்ஸு காலையில எத்தன மணிக்குண்ணே?"

இப்படித்தான் வீடு வீடாக ஏறியிருக்கிறார். சிலர் கதவைப் பாதி திறந்து பேசி அனுப்பினார்கள். ஒருவர், உன் பிள்ளை போனது போதாதா என்றே கேட்டுவிட்டாராம். அதற்கும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் இறங்கினார். போன வருஷம் காட்டில் பிள்ளைகள் எப்படியெல்லாம் சாகலாம் என்று பட்டியல் போட்டவர்தான் இந்த வருஷம் பஸ்ஸை நிரப்பினார். தெரசா ஆன்ட்டி மட்டும் வழியனுப்ப வரவில்லை. "போறதுன்னா போங்க. வந்து என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாராம், அத்தனை மாதத்தில் முதல் பேச்சாக.

மலையில் போன வருஷம் நட்ட கன்றுகளில் பாதி காய்ந்திருந்தது. மீதி முழங்கால் உயரத்துக்கு நின்றது. பாக் இத்தாம் அங்கிளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி சரியாக இல்லை. தேவைப்படவும் இல்லை.

உச்சியில் ஒரு கன்றை நட்டு ஜெசிந்தாவின் பெயரை எழுதி வைக்கலாம் என்றார் பாதர். அங்கிள் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"பாதிதான் பாதர் நிக்குது. பேர் வச்சது காஞ்சுபோச்சுன்னா..." என்று தொடங்கியவர் மண்வெட்டியை எடுத்தார். "பேர் வேணாம். எல்லாத்தையும் ஒரே மாதிரி நடுவோம்."

எங்களுக்கு அதைவிடக் கஷ்டமாக இருந்தது அவருடைய அமைதி. தண்ணீரைக் கொதிக்கவைத்தார், பெட்டியைத் துடைத்தார், யாரையும் திட்டவில்லை. எங்களால் தாங்க முடியவில்லை. நான் வேண்டுமென்றே சேற்றுக் கையோடு அவர் முன்னால் நின்று ரொட்டி தின்றேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருத்தி வாழைப்பழத்தைக் கையாலேயே உரித்து அவருக்கே நீட்டினாள். வாங்கிச் சாப்பிட்டார்! டோமினிக் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். "வெயிலா இருக்குப்பா, நெழல்ல நில்லு" என்றார், மெதுவாக.

அந்த வெறுங்கால்தான் வினையாயிற்று. மண்வெட்டி நழுவி டோமினிக்கின் கணுக்காலுக்கு மேலே வெட்டிவிட்டது. பெரிய காயம் இல்லை, ஆனால் நல்ல இரத்தம். அவன் ஐயோ என்றதும் மலையின் அந்தப் பக்கத்திலிருந்து அங்கிள் பெட்டியோடு ஓடி வந்தார். விழுந்தார், எழுந்தார், மறுபடியும் ஓடி வந்தார்.

"அறிவிருக்காடா ஒனக்கு? தலையில இருக்கறது மூளையா மண்ணா? செம்மண்ணுல வெறுங்கால்ல நிக்கிறான்! டெட்டனஸ் தெரியுமா? வாய் இறுகிப்போகும், அப்புறம் எந்த வாயால கிண்டல் பண்ணுவ? ஒங்கம்மா என்னை நம்பி அனுப்பினாங்கடா! காலக் காட்டு! ஆட்டாத! ஒதச்சன்னா ரெண்டு காலுக்கும் ஊசி!"

நாங்கள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டுச் சுற்றி வந்து நின்றோம். அவர் காய்ச்சல்களின் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து வீச வீச, எங்களுக்கு மழை பெய்கிற மாதிரி இருந்தது. அயோடின் பட்ட எரிச்சலில் டோமினிக்கின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அப்படியும் அவன் சொன்னான்:

"இன்னும் திட்டுங்க அங்கிள்."

அவர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். அந்தப் பையனின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதன்மேல் தலையைச் சாய்த்து, அடக்கத்தின்போதுகூட அழாதவர் அழுதார். டோமினிக் காலை அசைக்கவே இல்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதருக்கு மாற்றலாகும்வரை வருஷாவருஷம் போனோம். காய்ந்ததைப் பிடுங்கிப் புதிதாக நட்டோம். ஆறு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. நான் கடைசியாகப் போனபோது உச்சியில் எனக்குத் தலைக்குமேல் நிழல் இருந்தது. அங்கிள் ஓய்வு பெற்று ஈசூனுக்குக் குடிபோனார். அந்த வட்டாரப் பிள்ளைகளின் முட்டிகளும் தப்பவில்லை என்று கேள்வி. இப்போது அவர் இல்லை.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்த இரண்டாம் வருஷம் திரும்பி வந்த பஸ். முன் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலி. அவர் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முயல்வது பின்னாலிருந்த எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நான் எழுந்துபோய் உட்கார்ந்தேன். தேநீருக்கு நிறுத்தி மறுபடியும் ஏறியபோது அங்கே டோமினிக் உட்கார்ந்திருந்தான், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு. அவன் எழுந்ததும் இன்னொருத்தி போனாள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் தெரசா ஆன்ட்டி, நான் சமைக்க வருகிறேன் என்று கையில் ஒரு பையோடு பஸ் ஏறி, அவருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்வரை, அந்த இடத்தை நாங்கள் காலியாக விடவில்லை.